'அவங்க' என்றால் எத்தனை பேர்?

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் முருங்கைக்காய். பக்கத்தில் மனைவி. ஷார்ஜாவில் மாதச் சம்பளம் விழுந்த வாரத்தின் மாலை நேரம்... வரிசை என்பது நிற்பதற்கல்ல, குடியிருப்பதற்கு.

போன் அடித்தது. யசோதா.

"அண்ணை! நான் பொம்பிளை எண்டதுக்கு என்ன ஆதாரம் எண்டு கேக்கினம்!"

எனக்குக் காது கொஞ்சம் மந்தம். காது மந்தமான எல்லாரையும் போல, எதிராளிக்கும் மந்தம் என்ற எண்ணத்தில் உரக்கப் பேசுவேன்.

"கவலையே படாதீங்க யசோதா! நீங்க பெண்தான் என்பதற்கு எல்லா ஆதாரமும் என்கிட்ட இருக்கு!"

வரிசை திரும்பிப் பார்த்தது. முன்னால் நின்ற மலையாளிக் குடும்பம் குழந்தை உட்பட திரும்பியது. கேஷியர் ஸ்கேன் செய்வதை நிறுத்தினார். மனைவி என் கையிலிருந்த முருங்கைக்காயை நிதானமாக வாங்கிக்கொண்டார். எடை போடத்தான் வாங்குகிறார் என்று நினைக்க முயன்றேன்.

பதறாதீர்கள். விஷயம் மிகவும் கண்ணியமானது.

யசோதா யாழ்ப்பாணத்துக்காரர். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு ஷெட் வைத்து, பழைய பருத்தித் துணிகளை வெட்டி, 'ராக்ஸ்' விற்கிறார். தொழிற்சாலையிலும் கப்பலிலும் எண்ணெயும் கிரீஸும் துடைக்கிற துணி. உங்கள் பழைய பனியன் எங்கே போகிறது என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? ஒருவேளை ஏதோ ஒரு கப்பலின் எஞ்சின் ரூமில் அது இப்போது கௌரவமாக இரண்டாம் வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருக்கலாம். நாம் ஓய்வு பெற்றால் பார்க்கில் நடக்கிறோம். பனியன் ஓய்வு பெற்றால் உலகம் சுற்றுகிறது!

யசோதாவின் சரக்கில் பெரும்பங்கை வாங்குவது ஓமானின் சோஹார் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கிற ஒரு கம்பெனி. திடீரென்று அவர்கள் ஒரு மெயில் அனுப்பினார்கள். இனிமேல் துடைக்கும் துணியைப் பெண்கள் நடத்தும் நிறுவனங்களிடம் மட்டுமே வாங்குவதாக முடிவு. யசோதாவுக்கு ஒரே சந்தோஷம். கீழே இன்னொரு வரி இருந்தது. 'உரிய சான்றிதழை இணைக்கவும்.' சந்தோஷம் அங்கேயே முடிந்தது.

சான்றிதழ் இல்லையென்றால் சோஹார் இல்லை. சோஹார் இல்லையென்றால் ஷெட் இல்லை. ஷெட் இல்லையென்றால், அங்கே மேஜையைச் சுற்றி நின்று துணி வெட்டுகிற பெண்கள், ஸ்டோர் பார்க்கிற முருகேசன், எல்லார் விசாவும் கேன்சல். வளைகுடாவில் எல்லாக் கவலையும் கடைசியில் விசாவில்தான் போய் முட்டும்.

"அண்ணை, உங்களுக்குத்தானே உந்தப் பேப்பர் வேலை எல்லாம் தெரியும்..."

தெரியும். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படித்து என்னைச் சகித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் அது தெரியும். வேலை பார்த்த காலம் முழுவதும் டெண்டர் டிபார்ட்மெண்டில் இருந்தவன் நான். எந்தக் காகிதத்துக்கு எந்த முத்திரை, எந்த முத்திரைக்கு எந்தக் கவுண்டர், எந்தக் கவுண்டர் எத்தனை மணிக்குத் தொழுகைக்கு மூடும், எல்லாம் அத்துப்படி. ஓய்வு பெற்றபின் இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டில் வாஷிங் மெஷின் வாரண்டியைப் புதுப்பித்தேன். அதற்கு மேல் வீட்டில் வேலை இல்லை.

ஆகவே, குதித்தேன்.

சான்றிதழ் தருகிற அமைப்பின் முதல் விதி: ஐம்பத்தொரு சதவீதப் பங்கு பெண்ணிடம் இருக்க வேண்டும். ஐம்பத்தொன்று! படித்ததும் சிரித்துவிட்டேன். இந்த ஊரில் தொழில் செய்த பழைய ஆட்களுக்கு அந்த எண் மறக்கவே மறக்காது. அந்தக் காலத்தில் லைசென்ஸில் ஐம்பத்தொன்று கஃபீலுக்கு. உள்ளூர்ப் பங்குதாரர். வியர்வை நம்முடையது, ஐம்பத்தொன்று அவருடையது. இப்போது சட்டம் மாறிவிட்டது. பெரும்பாலான தொழில்களை முழுசாக நாமே வைத்துக்கொள்ளலாம். கஃபீல் எழுந்து போன நாற்காலியில் அதே ஐம்பத்தொன்று இப்போது புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எண்கள் ஓய்வு பெறுவதே இல்லை.

யசோதாவிடம் நூறு இருந்தது. அது பிரச்சினையில்லை.

பிரச்சினை இரண்டாவது விதியில். பங்கு மட்டும் போதாது. முடிவெடுப்பதும் பெண்ணாக இருக்க வேண்டும். பின்னால் ஓர் ஆண் உட்கார்ந்துகொண்டு நூல் இழுக்கக் கூடாது. நியாயம்தானே? மனைவி பெயரில் லைசென்ஸ், மனைவி பெயரில் பேங்க் அக்கவுண்ட், மனைவி பெயரில் போர்டு... கல்லாவில் மட்டும் கணவன். இதை நாம் பார்க்காததா?

யசோதாவின் கணவர் குகதாசன் சவுதியில், யான்புவில் ரிஃபைனரி வேலையில் இருக்கிறார். செங்கடல் ஓரம். விடுமுறைக்கு வந்தால் ஷெட்டுக்குப் போவார். ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். அதுதான் அவருடைய நிர்வாகத் தலையீடு. இருந்தாலும் அமைப்பு அவரிடம் ஒரு கடிதம் கேட்டது. 'இந்தத் தொழிலில் என் மனைவிக்கு என் அனுமதி தேவையில்லை' என்று கணவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

வாழ்நாள் முழுக்க நோ அப்ஜெக்ஷன் கடிதங்களோடு வாழ்ந்தவன் நான். ஆனால், 'அனுமதி தேவையில்லை என்பதற்கு அனுமதி'... இந்த உயரத்தை நான் எட்டியதே இல்லை. பரவசத்தோடு டைப் செய்து அனுப்பினேன்.

அன்று மாலை யான்புவிலிருந்து வீடியோ கால். நானும் அங்கே இருந்தேன்.

"இஞ்சேரும், நான் இதில கையெழுத்து வைக்கட்டோ?"

"வையுங்கோ. பேனையை வடிவாப் பிடிச்சு வையுங்கோ. போன முறை கோணலா வந்தது."

"சரி. தேதி போடட்டோ?"

"போடுங்கோ."

தன் மனைவிக்குத் தன் அனுமதி தேவையில்லை என்று எழுத, மனைவியிடம் அனுமதி கேட்ட அந்த மனிதரை வீடியோவோடு அனுப்பியிருந்தால் அன்றைக்கே சான்றிதழ் கிடைத்திருக்கும். அப்லோட் செய்ய வசதி இல்லை. பி.டி.எஃப். மட்டும்தான்.

காகிதமெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஓட்டை இல்லை, ஒடிசல் இல்லை. இனி மிச்சம் ஒன்றுதான். நேரில் வந்து பார்ப்பார்கள். அந்தச் செய்தி வந்தபோதுதான் 'நான் பொம்பிளை எண்டதுக்கு ஆதாரம்' என்ற முருங்கைக்காய் சம்பவம்.

"வந்து ஆக்களோட கதைப்பினமாம். ஆர் முடிவெடுக்கிறது எண்டு பார்ப்பினமாம். நீங்கள் நிண்டாத்தான் எனக்குத் தெம்பு அண்ணை."

இங்கேதான் சிக்கல். பின்னால் ஆண் இருக்கக் கூடாது என்பது விதி. பின்னால் யார் இருக்கிறார்? நான்! விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியும் என் கை. எந்த ஆணின் வழிகாட்டலும் இல்லாதவர் யசோதா என்று நிரூபிக்க அவருக்கு வழிகாட்டிக்கொண்டிருந்த ஆண் நான். இதை நினைத்தால் எனக்கே தலை சுற்றியது.

"நான் வரக் கூடாது" என்றேன்.

வந்தேன். நடைமுறை தெரிந்தவனால் நடைமுறை நடப்பதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? 'ஓரமாக ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருப்பேன், வாயே திறக்க மாட்டேன், யாராவது கேட்டால் தேநீர் குடிக்க வந்தவன்' என்று ஏற்பாடு.

வந்தவர் பெயர் ஃபியோனா. ஸ்காட்லாந்துக்காரர். வெயிலில் சிவந்த முகம், அதில் நல்ல சிரிப்பு, கையில் டேப்லெட். சிரிப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. சிரிக்கிற ஆடிட்டர்தான் தோண்டுவார்.

யசோதாவை உள்ளே அறையில் இருக்கச் சொல்லிவிட்டு, முதலில் ஊழியர்களோடு தனியாகப் பேச வேண்டும் என்றார்.

முதலில் லிஸா. முன்னால் உட்கார்ந்து பில்லும் போனும் பார்க்கிற பிலிப்பைன்ஸ் பெண். கெட்டிக்காரர். ஒரே ஒரு சிறு விஷயம். அவருடைய தாய்மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல். ஆகவே ஆங்கிலத்தில் 'ஹி'யும் 'ஷி'யும் அவர் வாயில் எது முதலில் வருகிறதோ அது.

உங்கள் பாஸ் எப்படி என்று ஃபியோனா கேட்டார்.

"ஓ, மை பாஸ்! ஹி இஸ் வெரி ஸ்ட்ரிக்ட், மேம். பட் ஹிஸ் ஹார்ட் இஸ் குட்."

டேப்லெட்டில் விரல் ஓடியது. என் கையிலிருந்த தேநீர் சிந்தியது.

போகட்டும்... முருகேசன் இருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கம். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. யசோதாவிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஸ்டோர் அவர் பொறுப்பு. விசுவாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆங்கிலம் கட்டட சைட்டில் கற்றுக்கொண்டது, ஆனால் தயக்கமே கிடையாது.

விலை நிர்ணயிப்பது யார்?

"தே ஒன்லி, மேடம்."

புரிகிறதா உங்களுக்கு? தமிழில், 'அவங்கதான் மேடம்.' சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு!

ஃபியோனா நிமிர்ந்தார். யாரை வேலைக்கு எடுப்பது என்று முடிவு செய்வது?

"தட் ஆல்சோ தே."

செக்கில் கையெழுத்து?

"தே ஒன்லி சைன். அதர் பீப்பிள் சைன் மாஃபி."

மாஃபி என்றால் இல்லை. அரபு. முருகேசனின் ஆங்கிலத்தில் எல்லா நாட்டுக்கும் விசா உண்டு.

ஃபியோனாவின் சிரிப்பு மெல்ல விடைபெற்றது. குரலைத் தாழ்த்தினார். இந்த 'தே' யார்?

முருகேசனும் குரலைத் தாழ்த்தினார். மரியாதைக்குத்தான். ஆனால், பார்க்க எப்படி இருந்தது தெரியுமா? ஏதோ ரகசியக் கும்பலைக் காட்டிக்கொடுப்பதுபோல, கண்ணால் உள்ளறையைக் காட்டி, "தே... இன்சைட்" என்றார்.

அவர்களுடைய பெயர்?

முருகேசன் அதிர்ந்துபோனார். முதலாளி பெயரை வாயால் சொல்வதா? சோறு போடுகிறவர் பெயரையா? இரண்டு கையையும் ஆட்டினார்.

"நேம் ஐ நோ டெல், மேடம். சாரி. நோ டெல்."

முடிந்தது. பெயர் சொல்லக்கூட ஊழியர்கள் நடுங்குகிற, உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் ஆட்டுவிக்கிற ஒரு கூட்டம். அதில் ஒருவர் ஸ்ட்ரிக்டான ஆண், ஆனால் இதயம் நல்லது. இதுதான் அந்த டேப்லெட்டில் ஏறிக்கொண்டிருந்த யசோதாவின் கம்பெனி!

எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'அம்மணி, எங்கள் மொழியில் மரியாதை கொடுத்தால் ஒருவர் பலராகிவிடுவார். இது இலக்கணம், சதி அல்ல.' தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஆண் எழுந்து விளக்கம் கொடுக்கிறான். அப்புறம் 'தே' யார் என்று கேள்வியே இருக்காது. நான்தான் 'தே'.

வாயைத் தேநீரால் அடைத்துக்கொண்டேன். மேஜையைச் சுற்றி கத்தரிகள் நின்றுவிட்டன. அங்கிருந்த பெண்களுக்கு ஆங்கிலம் புரிந்ததோ இல்லையோ, ஃபியோனாவின் முகம் புரிந்துவிட்டது.

"ப்ளீஸ் கால் தெம்" என்றார் ஃபியோனா. "ஆல் ஆஃப் தெம்."

முருகேசன் உள்ளே போனார். வந்தார். பின்னால் யசோதா. தலைமுடியெல்லாம் பஞ்சு, கையில் கத்தரி. பதற்றத்தில் அதைக் கீழே வைக்க மறந்திருந்தார்.

ஃபியோனா அவருடைய தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்தார். இன்னும் பார்த்தார். யாரும் வரவில்லை.

மற்றவர்கள் எங்கே?

முருகேசன் குழம்பிப்போய் யசோதாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி யசோதாவைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் விரித்து, அம்மன் சன்னதியில் நிற்கிற மாதிரி காட்டினார்.

"திஸ் ஒன்லி தே, மேடம். ஃபுல்."



ஃபியோனாவின் வாய் ஓரம் துடித்தது. "யூ மீன்... ஷி?"

"நோ, நோ!" முருகேசனுக்கு உண்மையாகவே வலித்துவிட்டது. "ஷி இஸ் ஸ்மால் கேர்ள், மேடம். தே இஸ் பிக்."

தன் ரிப்போர்ட்டுக்காக ஒரே ஒரு தடவை 'ஷி' என்று சொல்ல முடியுமா என்று ஃபியோனா கேட்டார். அவருக்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. எழுதினால் ஊழியர் சொன்னபடிதான் எழுத முடியுமாம்.

முருகேசன் மறுத்துவிட்டார்.

யசோதாவுக்கு அப்போதுதான் என்ன நடக்கிறது என்று பிடிபட்டது. "தம்பி, சொல்லும். ஷி எண்டு சொல்லும்."

"மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"உங்களைப் போய் 'அவ'ன்னு சொல்றதா? நாக்கு அழுகிடும் மேடம்."

"முருகேசு, இதில எல்லாற்ற விசாவும் தொங்குது!"

"தொங்கட்டும் மேடம். மரியாதை தொங்கக் கூடாது."

யசோதா கத்தரியை ஓங்கி மேஜைமேல் வைத்தார். ஷெட் அதிர்ந்தது.

"இஞ்ச ஆர் முதலாளி?"

"நீங்கதான் மேடம்."

"நான் சொன்னாக் கேப்பீரோ, மாட்டீரோ?"

"கேப்பேன் மேடம்."

"அப்ப சொல்லும்!"

ஆறடி முருகேசன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கசப்பு மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி முகத்தைச் சுளித்தார். ஒரு மூச்சு இழுத்தார்.

"ஷி..." என்றார். கண்ணைத் திறந்தார். தாங்க முடியவில்லை. அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "ஷி ஒன்லி தே!"

ஃபியோனா சிரிக்க ஆரம்பித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை... டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு துணி மூட்டைமேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். துடைத்துக்கொள்ள யசோதா ஒரு ராக் எடுத்துக் கொடுத்தார். முதல் தரம். வெள்ளைப் பனியன்.

தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத அந்தப் பெண்மணிக்கு, இந்த ஷெட்டில் யார் சொன்னால் யார் நடுங்குவார்கள் என்பதில் அதற்கு மேல் சந்தேகம் இருந்திருக்க முடியுமா?

போகும்போதுதான் அவர் பார்வை என்மேல் விழுந்தது. மூட்டைமேல் ஒரு வயதான ஆண். கையில் ஆறிப்போன தேநீர்.

"அண்ட் திஸ் ஜெண்டில்மேன்?"

யசோதா வாயைத் திறந்தார், மூடினார். முருகேசன் முந்திக்கொண்டார்.

"ஹி இஸ் நோபடி, மேடம்."

காப்பாற்றிவிட்டார்! எத்தனையோ பணி விவரங்களை எழுதியவன் நான். என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகவும் துல்லியமாகவும் யாரும் எழுதியதில்லை. நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன். அது பாதியில் நின்றது.

ஒரு நிமிஷம்... யசோதாவுக்கு 'தே'. எனக்கு 'ஹி'யா?

கார் கிளம்பியதும் முருகேசனிடம் கேட்டே விட்டேன். தலையைச் சொறிந்தார். "நீங்க நம்ம ஆளு சார்" என்றார். மரியாதை இல்லை என்பதை இதைவிட அன்பாகச் சொல்ல முடியாது.

யசோதாவுக்குத் தமிழ்நாட்டுக்காரனான என்மேல் கோபம். "உங்கட ஆக்களாலதான் அண்ணை எல்லாம்! எங்கட ஊரில 'அவா' எண்டு சொல்லுவம். மரியாதையும் இருக்கும், பொம்பிளை எண்டும் விளங்கும், ஒரு ஆள்தான் எண்டும் தெரியும். நீங்கள் ஏன் ஒரு ஆளைக் கூட்டமாக்கி வச்சிருக்கிறியள்?"

யோசித்துப் பாருங்கள். நாம் ஒரு பெண்ணை மதிக்க ஆரம்பித்த உடனே செய்கிற முதல் காரியம், பேச்சில் அவரைப் பெண் இல்லாமல் ஆக்குவது. 'அவள்' என்றால் பெண் தெரிகிறாள், மரியாதை போய்விடுகிறது. 'அவங்க' என்றால் மரியாதை வருகிறது, பெண் காணாமல் போகிறார். கவனித்தீர்களா? நானே இந்தப் பத்தி முழுக்க யசோதாவை 'அவர்', 'அவர்' என்றுதான் எழுதிவந்திருக்கிறேன். பெயரை எடுத்துவிட்டுப் படித்தால், ஃபியோனாவின் அமைப்பு எனக்கும் சான்றிதழ் தராது. ஆக, யாழ்ப்பாணத்துக்காரர்களிடமிருந்து அந்த 'அவா'வை நாம் இறக்குமதி செய்துகொள்ளலாம். பேப்பர் வேலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த வாரம் மறுபடி அதே சூப்பர் மார்க்கெட். அதே வரிசை. போன்.

"அண்ணை! வந்திட்டுது! நான் பொம்பிளைதானாம்! முத்திரை குத்தி வந்திருக்கு! சோஹாருக்கும் அனுப்பிட்டன், அவை ஓம் எண்டிட்டினம்!"

பின்னால் ஷெட்டில் குலவை மாதிரி ஒரு சத்தம். கத்தரிகளால் மேஜையைத் தட்டும் சத்தம். யான்புவிலிருந்து வீடியோவில் குகதாசன் குரல்: "இஞ்சேரும், நான் இனிப்பு வாங்கட்டோ?"

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "வாழ்த்துகள் யசோதா! இனிமே நீங்க பெண்தான்! யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது!" என்று கத்தினேன். வரிசை திரும்பியது. அவர்களுக்கு இப்போது என்னைத் தெரியும்.

சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அடுத்த வருடம் அவர் இன்னும் பெண்தான் என்று மறுபடி நிரூபிக்க வேண்டும். அதற்கான ஃபைலை இப்போதே திறந்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது முருகேசனிடமிருந்து ஒரு மெசேஜ்: 'சார், தே காலிங். கம் ஃபாஸ்ட்.'

கிளம்புகிறேன். அழைப்பது 'தே'. நான் வெறும் 'ஹி'.